வரிசை எண் இல்லாத மூன்றாம் இடம்

ஐஸை வழுவழுப்பாக்க வேண்டுமென்றால் அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். ஊரில் உள்ளவர்களுக்கு இதை எழுதினால் நான் எதையோ மாறி எழுதிவிட்டேன் என்றுதான் நினைப்பார்கள். மன்னாரில் ஐஸ் என்பது மீன் பெட்டிக்குள் மரத்தூளோடு கிடந்து உருகுகிற கட்டி. அதன்மேல் கொஞ்சம் வெய்யில் பட்டாலே பதறிப்போய்ச் சாக்கை இழுத்து மூடுவோம். இங்கே, ஹனோவரில் இருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கிற சிறு நகரத்தின் ஐஸ் மண்டபத்தில், நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஒரு பெரிய யந்திரத்தில் ஏறியிருந்து, ஐஸின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு, ஆவி பறக்கிற தண்ணீரை அதன்மேல் பரப்பிக்கொண்டு போகிறேன். சூடு பழைய கீறல்களுக்குள் இறங்கி அவற்றின் விளிம்பை உருக்குகிறது. பிறகு எல்லாம் ஒன்றாக உறைகிறது. குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் மேலே ஒரு மெல்லிய ஓடு பிடிக்கும், முதல் ஆள் ஏறியதுமே அது உரிந்துவிடும்.

அந்த மண்டபத்துக்கு நான் போனது உடைமாற்றும் அறைகளைக் கழுவத்தான். யந்திரம் ஓட்டியவர் தோள்மூட்டு உடைந்து படுத்தபோது, மண்டப மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். சேலை கட்டி வளர்ந்த ஒருத்தி அந்தப் பெரிய உருவத்தில் ஏறி இருந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. முதல் வளைவில் நான் தயங்கியபோது அவர் ஓரத்தில் நின்று "காஸ் கேபன்! காஸ் கேபன்!" என்று கத்தினார். எங்கேயோ காஸ் கசிகிறது என்று நான் யந்திரத்தை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினேன். வேகத்தைக் கூட்டு என்பதைத்தான் இந்த மக்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அவர் சிரித்து முடித்தபிறகே விளங்கியது. அதற்குப் பிறகு நான் எதற்கும் யந்திரத்தை நிறுத்தியதில்லை. ஓட்டுநர் தோள் சுகமாகித் திரும்பி வந்தபோது, அந்தக் கதிரை என்னுடையதாகி இருந்தது.

இந்தக் கட்டுரை என் மகள் ஜெசிந்தாவைப் பற்றியது. நாங்கள் வந்திறங்கியபோது அவளுக்கு இரண்டு வயது. என் கணவர் அந்தோனியும் நானும் அவளும் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்கு ரயிலேறி வந்தவர்கள். எங்களை அன்றைக்கு உள்ளே விட்ட கிழக்கு ஜேர்மனி என்ற நாடு இன்றைக்கு வரைபடத்தில் இல்லை. அதை நினைக்கிறபோதெல்லாம், நாடுகள் அசையாமல் நிற்கின்றன, மனிதர்கள்தான் அலைகிறார்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை வரும். நாங்கள் அகதிகளாக அங்கீகரிக்கப்பட்டு, நீலநிறப் பயணப் பத்திரம் கையில் கிடைத்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கை தவிர என்று அதில் அச்சடித்திருந்தது.

இங்கே பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அந்தோனிக்குக் கார் ரயர் தொழிற்சாலையில் பகல் வேலை. பிள்ளையை எங்கே விடுவது? மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யாரோ மறந்துவிட்டுப் போன சறுக்குச் சப்பாத்துகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அளவான ஒரு சோடியை அவளே தேடி எடுத்தாள், ஒன்று வெள்ளை, மற்றது மண்ணிறம். ஏழு வயதில் அப்படித் தொடங்கியவள் ஒன்பது வயதில் வேராவின் கண்ணில் பட்டாள்.

வேரா எங்கள் மண்டபத்துச் சறுக்குக் கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தவள். கார்க்கோவ் நகரத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது இளையவள். சோடிச் சறுக்கில் ஆடியவள். முதலில் சோவியத் கொடியின் கீழே ஆடினாள். அந்த நாடு கலைந்த குளிர்காலத்தில், பழைய குடியரசுகள் சேர்ந்து அனுப்பிய அணியில் ஒரு வெள்ளைக் கொடியின் கீழே ஆடினாள். பிறகு ஒரு ஜேர்மன்காரனோடு சோடி சேர்ந்து, இந்த நாட்டுப் பிரசை ஆகி, இந்தக் கொடிக்கும் ஒரு வருடம் ஆடினாள். முழங்கால் போன பிறகு பயிற்சியாளர். "குடியுரிமை சப்பாத்து மாதிரி," என்பாள் தன் கரடுமுரடான ஜேர்மனில். "கடித்தால் மாற்று. கால்தான் உன்னுடையது." எங்கள் இருவரின் ஜேர்மனும் ஒரே அளவுக்கு உடைந்தது. அதனாலேயே நாங்கள் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கினோம்.

ஜெசி பன்னிரண்டு வயதில் எங்கள் மாநிலத்தில் தன் வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் வென்றாள். டபுள் அக்செல் என்று ஒரு பாய்ச்சல் இருக்கிறது, முன்பக்கம் பார்த்து எழும்பி இரண்டரைச் சுற்றுச் சுற்றி பின்பக்கமாக இறங்க வேண்டும். அதை அவள் ஒரு மார்ச் மாதப் பின்னேரத்தில் முதன்முதலாக இறக்கியபோது நான் யந்திரத்தோடு வாசலில் காத்துநின்றேன். வேரா கையைத் தட்டாமல் தன் தொப்பியைக் கழற்றி ஐஸில் எறிந்தாள். இனி நாட்டு அளவிலான போட்டி, அதற்கு மேலே தேசிய அணி, வெளிநாட்டுப் போட்டிகள். ஆனால் அதற்கு ஜேர்மன் பாஸ், ஜேர்மன் கடவுச்சீட்டு, வேண்டும். அவளிடம் இருந்தது நீலப் பத்திரம்.

நாங்கள் ஏற்கனவே குடியுரிமைக்கு அந்திராக், விண்ணப்பம், போட்டிருந்தோம். ஆனால் அந்தோனியின் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, வெதுப்பகத்தில் வேலை கிடைக்கும்வரை சில மாதங்கள் சமூக உதவிப் பணத்தில் இருந்தோம். அது போதும், எங்கள் கோப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது. அதே வருடத்தில், எங்கள் மண்டபத்திலேயே பயிற்சி எடுத்த மொஸ்கோப் பையன் ஒருவனுக்கு, சோடிச் சறுக்கில் ஜேர்மனிக்காக ஆட வேண்டும் என்பதற்காக, மளமளவென்று குடியுரிமை கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. பொதுநலன் கருதி என்று எழுதியிருந்தார்கள். நல்ல பிள்ளை அவன், என்னைக் கண்டால் யந்திரத்துக்குக் கதவு திறந்துவிடுவான். அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு எந்த எரிச்சலும் இல்லை. எனக்கு வந்தது ஒரு கேள்வி. அந்தப் பேப்பரை வெட்டி எடுத்துக்கொண்டு, சந்திப்பு நேரத்துக்குத் தேர்மின் எடுத்து, குடியுரிமை அலுவலகத்துக்குப் போனேன்.

மேசைக்கு அப்பால் ஓர் இளைஞர். மரியாதையானவர். நான் பேப்பரை விரித்து வைத்து, இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வசனத்தைச் சொன்னேன். என் மகளிடமும் லைஸ்டுங் இருக்கிறது என்றேன். திறமை, சாதனை என்பதற்கு அவர்களுடைய சொல் அது. அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"லைஸ்டுங்கனுக்கு இங்கே வரக்கூடாது, ஃபிராவ் அந்தோனி. அது சமூக உதவிப் பிரிவு. இரண்டாம் மாடி."

அந்தச் சொல்லின் பன்மைக்கு அரசாங்க உதவிப் பணம் என்றும் பொருள் என்று எனக்கு அப்போது தெரியாது. "இரண்டாம் மாடி வேண்டாம்," என்றேன். "என் மகள் காசு கேட்கவில்லை. அவள் பாய்கிறாள்." கதிரையில் இருந்து எழும்பி, கைகளை நெஞ்சோடு சேர்த்து, அவர் அறையின் நடுவில் நின்று காட்டினேன். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு, சறுக்கு விளையாட்டுச் சங்கம் அமைச்சுக்கு எழுதினால்தான் அப்படி நடக்கும், பதக்கம் வாங்கக் கூடிய ஆளுக்குத்தான் சங்கம் எழுதும் என்றார். பாஸ் இல்லாமல் எப்படிப் பதக்கம் வாங்குவது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் படிவம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வராமல் நேரே மண்டபத்துக்குப் போய், வேராவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முட்டாள்கள் நாங்கள்," என்றாள். "ஏன் இந்தக் கதவை இடிக்கிறோம்? இவளுக்கு ஏற்கனவே ஒரு நாடு இருக்கிறது."

அவளுடைய கணக்கு எளிமையானது. ஜேர்மனியில் ஜெசிக்கு முன்னால் இருபது பெண்கள். இலங்கைக்காக ஆட ஒருத்தருமே இல்லை. ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிட்டால் ஜெசிதான் முதல் ஆள், ஒரே ஆள். இளையோருக்கான உலகப் போட்டிக்கு நேரே போகலாம். உலகம் முழுக்க இந்த விளையாட்டில் அப்படித்தான் நடக்கிறது. பெரிய நாட்டில் இடம் கிடைக்காதவர்கள் சிறிய நாட்டுக்குப் போகிறார்கள், பாட்டி பிறந்த நாட்டைத் தேடிப் பிடிக்கிறார்கள், கலியாணம் செய்கிறார்கள். "நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை," என்றாள். "அவள் அங்கே பிறந்ததே போதும்."

சில வாரங்களில், ஒரு சனிக்கிழமை, அவள் ஒருவரைக் கூட்டி வந்தாள். ரோகண என்று பெயர். கொழும்புச் சிங்களவர், ஃபிராங்க்ஃபர்ட்டில் தேயிலை இறக்குமதி செய்கிறவர், அங்கே இலங்கையரின் கிரிக்கெட் அணியை நடத்துகிறவர். ஐம்பது வயது இருக்கும். கழுத்துவரை மப்ளர் சுற்றிக்கொண்டு ஓரத்தில் நின்று ஜெசியைப் பார்த்தார். அவள் பாய்ந்து இறங்கியபோது அவர் கையுறையோடு தட்டியதில் சத்தமே வரவில்லை, கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒயாகே துவத?" என்று கேட்டார். உங்களுடைய மகளா?

பதினொரு வருடங்களாக அந்த மொழியை யாரும் என்னிடம் பேசவில்லை. கடைசியாகக் கேட்டது ஒரு சோதனைச் சாவடியில், பேருந்து முழுவதையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தபோது. அந்தோனியின் தம்பி சூசை எங்களுக்கு மூன்று பேர் முன்னால் நின்றான். பத்தொன்பது வயது. அவனுடைய அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு பக்கமாக நிற்கச் சொன்னான். எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். ஜெசி என் இடுப்பில் இருந்து அவனுக்குக் கையசைத்தாள், அவனும் அசைத்தான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்த முகாமிலும் எந்தப் பட்டியலிலும் எங்களுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அந்தோனி எட்டு மாதம் அலைந்துவிட்டுத்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

ஆனால் இந்த மனிதர் கேட்ட குரல் அந்தக் குரல் இல்லை. அது ஒரு தகப்பனின் குரல். "ஓம், என்ரை மகள்தான்," என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

மண்டபத்துச் சிற்றுண்டிச் சாலையில் ரோகண, வேரா, ஜெசி, நான் என்று நால்வரும் இருந்தோம். ஒரே தீவில் பிறந்த நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டது ஜேர்மனில். சங்கத்தைப் பதிவு செய்வது தன் பொறுப்பு என்றார். சர்வதேசச் சங்கத்தோடு கதைப்பதும் தன் பொறுப்பு. பிள்ளையின் பேரில் ஓர் இலங்கைப் பாஸ், அதை மட்டும் நாங்கள் எடுக்க வேண்டும். "பிரிந்து கிடக்கிற நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை எங்களுக்காக ஆடினால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்," என்றார். அவர் அதை நம்பிச் சொன்னார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்!

உண்மையைச் சொல்கிறேன், வாசிக்கிறவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. நான் ஓம் என்று சொல்ல விரும்பினேன். சூசையை மறந்து அல்ல. இரண்டாம் மாடிக்குப் போ என்று என்னிடம் சொன்ன அந்த மேசைக்கு முன்னால், என் பிள்ளையின் பெயர் உலகப் போட்டியின் அறிவிப்புப் பலகையில் வந்து நிற்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. எந்தக் கொடி என்பது அந்த நேரம் எனக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அன்று பின்னேரம் அந்தோனி வேலையால் வந்து கைகழுவிக்கொண்டு நிற்கும்போதே சொல்லிவிட்டேன். அவர் குழாயைப் பூட்டவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீர் யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" என்றார்.

"ஓம். யோசிச்சுத்தான். இஞ்சை இவங்கள் தரமாட்டாங்கள். பிள்ளைக்குப் பதின்மூண்டு வயசாகுது. இந்த விளையாட்டு பதினெட்டு வயசு மட்டும் காத்துக்கொண்டு நிக்காது."

"அவன்ரை அட்டையைப் பறிச்சவங்களிட்டைப் போய் இவளுக்கு அட்டை வாங்கச் சொல்லுறீர்."

"இந்த மனுசன் பறிக்கேல்லையே."

"பாஸிலை இந்த மனுசன்ரை படமோ இருக்கப்போகுது?"

எங்கள் குரல் உயர்ந்தது. ஜெசி தன் அறையில் இருந்து ஒரு கோப்போடு வந்தாள். எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதங்களை வாசிப்பவள் அவள்தான், எட்டு வயதில் இருந்தே. அகதி அங்கீகாரம் வந்தபோது அதோடு வந்த தாள்களில் இருந்து ஒரு பந்தியை எடுத்து ஜேர்மனில் வாசித்துவிட்டு, தமிழில் சொன்னாள். "விட்டிட்டு வந்த நாட்டிட்டைத் தானா விரும்பிப் பாஸ் எடுத்தால், அந்த ஆளுக்கு இந்த அங்கீகாரம் இல்லாமப் போகும். இது என்ரை பேரிலையும் இருக்கு. பிறகு நான் இஞ்சை ஆர்?"

எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வெளிக்கிட்டபோது உயிரைப்போலப் பிடித்துக்கொண்டு வந்த தாள், அதில் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். வேரா நாட்டைச் சப்பாத்து மாற்றுவது போல மாற்றினாள், ஏனென்றால் அவளை யாரும் வீட்டில் இருந்து துரத்தவில்லை. எங்களுக்கு அந்தப் பாஸை எடுப்பது என்பது, எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று அந்தோனி மகளைக் கேட்டார்.

"நான் அவரோடை கதைக்கிறன்," என்றாள். "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்க வேண்டாம்."

அடுத்த சனிக்கிழமை ரோகண ஒரு பெட்டி தொதலோடு வந்தார். அவளுக்கு இனிப்புப் பிடிக்கும் என்று வேரா சொல்லியிருக்கிறாள். ஜெசி பயிற்சி முடிந்து, சப்பாத்தைக் கழற்றாமல், அதன் அடிக் கத்திகளுக்கு உறை மாட்டிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் இருந்தாள். உலகப் போட்டி முடிந்த பிறகு அவள் கொழும்புக்குப் போக வேண்டி வருமா என்று கேட்டாள். வரவேற்பு இருக்கும், தொலைக்காட்சி இருக்கும், நிச்சயமாக என்றார் அவர் மகிழ்ச்சியாக.

"என்னுடைய அப்பாவும் வரலாமா?"

"ஏன் வரக்கூடாது? அவருக்கு ஒன்றும் நடக்காது. நான் பொறுப்பு."

"என்னுடைய சித்தப்பாவுக்கு அங்கே யார் பொறுப்பு?" அவள் குரலை உயர்த்தவில்லை. சூசை என்ற பெயரையும், வயதையும், அவனை மறித்த இடத்தையும் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். நாங்கள் அவளுக்கு அதை ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, எங்கள் பேச்சுகளில் இருந்து தானே கோத்து எடுத்திருக்கிறாள். "என்னை இலங்கை என்று எழுத வேண்டுமென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். நீங்கள் அவரைக் கண்டுபிடித்துத் தாருங்கள். அவர் ஓம் என்றால் நான் ஆடுகிறேன்."

ரோகண மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். வேரா எதையோ சொல்ல வாயெடுக்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். எழும்பும்போது என்னைப் பார்த்து, "மன்னிக்க வேணும், தங்கச்சி," என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான். தொதல் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். ஜெசி அதைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். "நல்லா இருக்கு, அம்மா," என்றாள். பெட்டியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள்.

வேரா இரண்டு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பயிற்சியில் கட்டளைகள் மட்டும். மூன்றாம் வாரம் நான் யந்திரத்தை நிறுத்தி இறங்க முன்னரே ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அந்தப் பதினான்கு நாட்களில் அவள் யார் யாருக்கெல்லாம் எழுதினாள், யாரோடெல்லாம் சண்டை பிடித்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாட்டின் இளையோர் போட்டியில் ஜெசிந்தா ஆடலாம் என்று கடிதம் சொன்னது. அவுசர் கொன்குறென்ஸ். போட்டிக்கு வெளியே. அவள் ஆடுவாள், நடுவர்கள் புள்ளி போடுவார்கள், ஆனால் அவளுக்கு இடம் கிடையாது.

"போறதோ, அம்மா?" என்று ஜெசி கேட்டாள். "எண்ணமாட்டினம் எண்டால் என்னத்துக்கு?"

"போறது," என்றேன். "எண்ணாட்டியும் பாக்காமல் இருக்க ஏலாதுதானே. அவையளுக்குக் கண் இருக்கு."

போட்டி ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு நகரத்தில் நடந்தது. வேராவின் காரில் போனோம். அந்தோனிக்கு வெதுப்பகத்தில் லீவு கிடைக்கவில்லை. விடிய நாலு மணிக்கு மகளுடைய நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வேலைக்குப் போனார். காலை பத்து மணிக்கு, மற்றவர்கள் எல்லோருக்கும் முன்னதாக, அவளை ஆடவிட்டார்கள். அறிவிப்பாளர் அவளுடைய பெயரை யத்சிந்தா என்று வாசித்து, கழகத்தின் பெயரை வாசித்து, நாக்கில் ஏதோ கசப்புப் பட்டதுபோல "அவுசர் கொன்குறென்ஸ்" என்பதையும் சேர்த்தார். பார்வையாளர் பாதிப்பேர் இன்னும் கோப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் சரியில்லை. அங்கே யந்திரம் ஓட்டியவர் வளைவுகளில் அவசரப்பட்டிருந்தார், மூலையில் ஓர் இடம் தண்ணீர் உறையாமல் மினுங்கியது. அதைக் காட்ட நான் கையை உயர்த்தினேன். அவள் ஏற்கனவே கண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள்.

மூன்று நிமிடங்கள். வேறொரு பிள்ளை வளர்ந்துவிட்டதால் கிடைத்த ஊதா உடுப்பு. டபுள் அக்செலை அவள் தொடக்கத்திலேயே வைத்திருந்தாள். அந்த ஈரமான மூலையை விட்டு விலக்கி, வழக்கமான இடத்துக்கு ஐந்து மீற்றர் முன்பாகவே எழும்பினாள். இறங்கும்போது கை ஐஸைத் தொடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, வேரா என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் இருந்துதான் நல்லாய்ப் போகிறது என்று அறிந்தேன். இசை நின்றபோது, கோப்பியோடு படிகளில் நின்றவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

பிறகு இருபத்துமூன்று பெண்கள் ஆடினார்கள். வேரா ஒரு கொப்பியை மடியில் வைத்து ஒவ்வொரு நடுவரும் போட்ட புள்ளிகளை எழுதிக்கொண்டே வந்தாள். கடைசி ஆள் முடிந்ததும் கோடுகள் கீறி ஒப்பிட்டாள். ஏழு நடுவர்களில் ஐந்து பேர் ஜெசியை இரண்டு பெண்களுக்கு மட்டும் கீழே வைத்திருந்தார்கள். "மூன்றாவது," என்றாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "மூன்றாவதுதான்," என்றாள்.

முடிவுகளை விறாந்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஒன்றில் இருந்து இருபத்துமூன்று வரை இலக்கங்கள். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, இலக்கம் இல்லாமல், ஜெசிந்தா அந்தோனி. நான் கைப்பையில் இருந்து பேனையை எடுத்து, அவளுடைய பெயருக்கு முன்னால் பெரிதாக 3 என்று எழுதினேன்.

கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு வயதான பெண்மணி ஓடி வந்தார். "அதில் எழுதக் கூடாது!"

"எனக்கு எண்ணத் தெரியும்," என்றேன்.

"அவர் போட்டிக்கு வெளியே."

"ஓம். புள்ளி உள்ளேதான் இருக்கிறது. பாருங்கள்."

அவர் பார்க்கவில்லை. தாளைக் கழற்றிக்கொண்டு போய், புதிய பிரதி ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார். அவர் திரும்பியதும் அதிலும் எழுதினேன். வேரா சுவரில் சாய்ந்து நின்று ஆப்பிள் தின்றுகொண்டு பார்த்தாள். பெற்றோர் பலர் கூடிவிட்டார்கள். மூன்றாம் இடம் வந்த பெண்ணின் தகப்பன் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, கோட்டுக்குக் கீழே இருந்த புள்ளிகளையும் மேலே இருந்த புள்ளிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அட்டைக்காரப் பெண்மணி தூரத்தில் மூன்றாவது பிரதியோடு நின்றார். நானும் பேனையோடு நின்றேன். அவர் வரவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது அந்த 3 சுவரில்தான் இருந்தது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெசிக்காக எந்த அமைச்சுக்கும் யாரும் எழுதவில்லை. எங்கள் அந்திராக் போன வருடம்தான் திரும்பவும் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. அவளுக்கு இப்போது பதினைந்து வயது, ஒரே வருடத்தில் பன்னிரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்துவிட்டாள், அந்தப் பாய்ச்சல் அவளை விட்டுப் போய்விட்டது. அது அப்படித்தான் போகும் என்கிறாள் வேரா, சிலருக்குத் திரும்பி வரும். குடியுரிமை வரும்போது அவள் எந்த நாட்டுக்கும் ஆடப்போவதில்லை. அதற்காக அவள் அழுததை நான் ஒரு தடவை கண்டேன், அதற்கு மேல் அவள் காட்டவில்லை. இன்றைக்கும் வாரத்தில் நான்கு நாள் ஐஸில் நிற்கிறாள். எந்தக் கொடியும் கேட்காமல் வேலை செய்கிற கால்கள் அவளுக்கு இருக்கின்றன, அவற்றை யாரும் அவளுக்கு வழங்கவில்லை, யாராலும் பறிக்கவும் முடியாது.

அன்று போட்டியில் இருந்து திரும்பி வரும் வழியில், பெருந்தெரு ஓரத்து உணவகம் ஒன்றில் காரை நிறுத்தினோம். பின்னேர வெய்யில். ஜெசி கழகத்தின் பயிற்சி உடுப்போடு, வீங்கிய காலில் செருப்பும் கால்மேசுமாக, வெளி மேசையில் இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் தின்றாள். பக்கத்து மேசையில் இருந்த ஒரு கிழவர் கொஞ்சநேரம் அவளைப் பார்த்துவிட்டு, அன்பாகவே கேட்டார்.

"எங்கேயிருந்து வருகிறாய், பிள்ளை?"

"சறுக்குப் போட்டியில் இருந்து," என்றாள் ஜெசி. "மூன்றாம் இடம்."

"ஓ, வாழ்த்துகள்! இல்லை, நான் கேட்டது, அதற்கு முன்பு?"

"அதற்கு முன்பு காலையில் பயிற்சி இருந்தது."

"இல்லை, இல்லை. எல்லாவற்றுக்கும் முதலில்."

ஜெசி உண்மையாகவே யோசித்தாள். "முதலில் வெறும் முன்பக்கச் சறுக்கல்தான் தெரியும். ஏழு வயதில்." கிழவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கோப்பிக்குத் திரும்பினார். வேரா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. ஜெசி விளங்காமல் சொன்னாளா, விளங்கித்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

கார் திரும்பவும் ஓடத் தொடங்கியதும் அவள் பின்னிருக்கையில் படுத்துத் தலையை என் மடியில் வைத்தாள். கால்கள் வேராவின் பயிற்சிப் பையின் மேல். கண்ணை மூடியபடியே வேராவிடம் ஜேர்மனில் கேட்டாள், வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்? வேரா வீதிப் பலகையைப் பார்த்து உடனே சொன்னாள், இரண்டு மணித்தியாலம்.  ஜெசி முகத்தை என் பக்கம் திருப்பி, தமிழில் கேட்டால் வேறொரு பதில் வரும் என்பதுபோல, என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"வீட்டை போக எவ்வளவு நேரம், அம்மா?"

"தெரியேல்லை, பிள்ளை," என்றேன். "நீ படு."